டி லைன் பத்தொன்பது

டி லைன் 21, ஸ்கெலட்டன்,
சாம்பியன் ரீப்ஸ்.
3 மார்ச் 2025

ஜூடித்,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். உன் சித்தியின் நம்பருக்கு அடித்தேன். "அவ தூங்குறாம்மா" என்றார்கள். அப்போது காலை பதினொரு மணி. பிறகு மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அதனால்தான் கடிதம். எட்டாம் வகுப்பில் டீச்சர் சொல்லி, 'தோழிக்கு ஒரு கடிதம்' எழுதியதற்குப் பிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. அன்றும் உனக்குத்தான் எழுதினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் காப்பி அடித்துக்கொண்டிருந்தாய்.

நடந்ததைச் சொல்கிறேன். நேரில் என்றால் எனக்குப் பேச வராது.

ஜனவரியிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் மாசமாக இருக்கிற எல்லோருக்கும் போதை டெஸ்ட் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். ஒரு டிரஸ்ட் அதற்கான கார்டுகளை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. உப்பு, சர்க்கரை பார்க்க நீங்கள் கொடுக்கிற அதே பாட்டிலிலிருந்து மூன்று சொட்டு எடுத்துக் கார்டில் விட வேண்டும். ஐந்து நிமிடத்தில் கோடு வந்தால் ஒன்றுமில்லை. கோடு வராவிட்டால் போதை இருக்கிறது என்று எழுத வேண்டும். யாரையும் கேட்பதில்லை. பதிவு செய்யும்போது கையெழுத்து வாங்குகிற இங்கிலீஷ் தாளில் இதுவும் அடங்கும் என்று ஆஸ்பத்திரிப் பொறுப்பில் இருக்கிற மேடம் சொன்னார். நான் அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். 'தேவையான பரிசோதனைகள்' என்று மட்டும்தான் இருக்கிறது.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி உன் பாட்டில் வந்தது. ஓபியம் வகைக்கான இடத்தில் கோடு வரவில்லை. இன்னொரு கார்டு போட்டேன். அதிலும் வரவில்லை. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது என் வேலை. நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எங்கம்மாவிடம்கூட. அதை நீ நம்ப வேண்டும்.

சாப்பிடுகிறாயா? ஆம்பூரில் இந்நேரம் வெயில் ஆரம்பித்திருக்கும்.

ஞானா


ஆம்பூர்
9 மார்ச் 2025

லேப் டெக்னீஷியன் ஞானசுந்தரி, பி.எஸ்சி. அவர்களுக்கு,

கடிதம் கிடைச்சுது. ரொம்ப நல்ல தமிழ். 'அது என் வேலை'ங்கற வரியை மட்டும் நாலு தடவை படிச்சேன்.

நீ யார்கிட்டயும் சொல்லலன்னு எழுதியிருக்க. சரி. அப்ப என் மாமியார் ஃப்ளோரா அத்தைக்கு யாரு சொன்னது தெரியுமா? உங்க ஆஸ்பத்திரிப் பலகை சொல்லுச்சு. ஃப்ளோரா அத்தை சுகர் ரிப்போர்ட் வாங்க இருபதாம் தேதி வந்தாங்க. லேப் வாசல்ல வெள்ளைத் தாள். மேல 'போதைப் பொருள் - ஆலோசனைக்கு வர வேண்டியவர்கள்'. கீழ அஞ்சு வீட்டு நம்பர். மூணாவது, டி லைன் 19. என் நைனா வீடு. தலைப்பிரசவம் அம்மா வீட்லன்னு அந்த விலாசத்துலதான ஆஸ்பத்திரிக் கார்டு போட்டோம். அம்மா இல்லன்னாலும் வீடு இருக்குதேன்னு.

அன்னிக்கு சாயங்காலம் கிளாரன்ஸ் பெங்களூர் வண்டி இறங்கி வந்தான். பையைக்கூடக் கழட்டல. "இன்னா போட்ற நீ?"ன்னு கேட்டான். 'நிஜமா'ன்னு கேக்கல. 'ஏன்'னு கேக்கல. 'இன்னா போட்ற'. எந்தச் சரக்குன்னு மட்டும்தான் அவனுக்குச் சந்தேகம். அவன் அம்மா என் பீரோவைக் கட்டில் மேல கொட்டினாங்க. இரும்புச்சத்து மாத்திரை அட்டை ஒண்ணு கெடச்சுது. அதை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க ஞானா, நகை வாங்குறவங்க கல்லைப் பாக்குற மாதிரி. "எங்க வீட்ல குடிக்கிறவனே கிடையாது. டி லைன்லேருந்து பொண்ணு எடுத்தது எங்க தப்பு"ன்னாங்க. மறுநாள் காலையில பையைத் தூக்கிக்கிட்டு இங்க சித்தி வீட்டுக்கு வந்துட்டேன்.

நான் இன்னா குடிச்சேன்னு உனக்குச் சொல்லட்டா? பிப்ரவரியில பத்து நாள் நைனா வீட்ல இருந்தேன். சயனைடு மேட்டுலேருந்து, தங்கம் எடுத்த கழிவு மண்ணைத் தூக்கிக்கிட்டு காத்து அடிச்சுது. லைனே இருமுச்சு. நான் இருமுன இருமல்ல குழந்தை வெளிய வந்துடும்னு பயந்துட்டேன். நைனா அவர் மருந்துல ரெண்டு ஸ்பூன் ஊத்திக் குடுத்தார். காலையில, சாயங்காலம். மைன்ஸ் மூடி இத்தனை வருஷமா அவர் நெஞ்சுல இருக்கிற தூசிக்கு டாக்டர் எழுதிக் குடுக்கிற மருந்து. உப்பு டப்பா பக்கத்துல உப்பு மாதிரி எல்லார் வீட்லயும் இருக்குது. உன் வீட்லயும்தான். உங்கப்பா போய் ஒரு வருஷம் கழிச்சும் அந்த பாட்டில் உங்க அலமாரி மேல இருந்துச்சு. நான் பாத்திருக்கேன்.

உனக்குத் தெரியும். அந்தக் கோடு வரலன்னதும் மொத்த ஊர்லயும் உனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். எட்டு எட்டு வெச்சா என் வீடு. வந்து ஒரே கேள்வி. 'ஜூடி, இருமல் மருந்து குடிச்சியா?' கேட்டியா?

இப்ப நான் ஒரே கேள்வி கேக்கறேன். பேரை விட்டுட்டு வீட்டு நம்பர் போடலாம்னு யாரு யோசனை? அது உங்க மேடத்துக்கு வர்ற யோசனை இல்ல. அந்தம்மா பெங்களூர்லேருந்து கார்ல வந்து கார்ல போறவங்க. நம்பரோட மதிப்பு தெரிஞ்சவங்க யாரோ சொல்லியிருக்காங்க.

ஜூடித்


டி லைன் 21
14 மார்ச் 2025

ஜூடித்,

யோசனை என்னுடையது.

முதல் கடிதத்திலேயே இதை எழுதினேன். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு பக்கம் எழுதினேன்.

மேடம் பேரோடுதான் ஒட்டச் சொன்னார். "கவுன்சலிங்குக்கு யாரும் வர்றதில்லை. பலகையில பேரைப் பார்த்தா வருவாங்க" என்றார். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் நான் அவரிடம் நானாக வாயைத் திறந்தது அன்றுதான். "பேர் வேண்டாம் மேடம். ஆஸ்பத்திரிக் கார்டில் வீட்டு நம்பர் இருக்கு. அதை மட்டும் போட்டால் அவங்களுக்கு மட்டும் புரியும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "பரவாயில்லயே, மூளை வேலை செய்யுது" என்றார். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஐந்து பெண்களின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

மேடத்துக்கு டி 19 என்பது ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். நான் இந்தச் சுரங்கத் தொழிலாளர் லைனில் பிறந்தவள். மைன்ஸ் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் "டி நைன்டீன்" என்று கூப்பிட்டால் உன் நைனா எழுந்து போவார் என்று எனக்குத் தெரியும். சுரங்கத்தில் கல் சரிந்தால் ஷாஃப்ட்டிலிருந்து ஓடி வருகிறவர் பேரைச் சொல்ல மாட்டார், வீட்டு நம்பரைத்தான் கத்துவார், எந்த நம்பர் என்று கேட்கும்வரை லைன் முழுக்க மூச்சு விடாமல் நிற்கும் என்று எங்கம்மா சொல்லியிருக்கிறார். இன்றும் சிலிண்டர்க்காரருக்கும் சர்ச் சந்தாவுக்கும் நம்பர்தான். இந்த ஊரில் ஜூடித் பத்துப் பேர் இருப்பார்கள். டி 19 ஒன்றுதான். பேரைப் போட்டிருந்தால்கூட உன் மாமியார் 'வேறு ஜூடித்தாக இருக்கும்' என்று நினைத்திருக்க முடியும்.

பேருக்குப் பதில் எண் போட்டால் ரகசியம் என்று காலேஜ் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். பாடம் ஞாபகம் வந்தது. லைன் ஞாபகம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கார்டுப் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கிறது. இது முதல்கட்டச் சோதனை மட்டுமே, சில இருமல் மருந்துகளாலும் இப்படி வரும், பெரிய லேபில் உறுதி செய்யாமல் முடிவு சொல்லக் கூடாது என்று அதில் போட்டிருக்கிறது. நான் அதை மேடத்திடம் காட்டினேன். "யாரு பெங்களூருக்கு அனுப்பிட்டு இருக்கறது?" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். வந்து, உன் நம்பரை என் கையால் எழுதி ஒட்டினேன். அது என் கையெழுத்துதான்.

ஞானா


(அஞ்சலட்டை)
ஆம்பூர்
20 மார்ச் 2025

ஞானா,

இதைக் கார்டுல எழுதுறேன். போஸ்ட்மேன் படிக்கட்டும், உங்கம்மா படிக்கட்டும், லைன்ல தண்ணி பிடிக்கிறவங்க எல்லாரும் படிக்கட்டும். நல்லா இருக்குதா?

பத்தாவதுல உனக்கு நடந்ததை இதுல எழுதலாம்னுதான் கார்டு வாங்கினேன். பேனாவை வெச்சுட்டேன். எழுதல. உனக்கும் எனக்கும் அதுதான் வித்தியாசம்.

இனிமே எழுதாத.

ஜூடித்


டி லைன் 21
29 மார்ச் 2025

ஜூடித்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

கார்டு வந்தது. எல்லோரும் படித்தார்கள். "பத்தாவதுல இன்னாடி ஆச்சு?" என்று எங்கம்மா மூன்று நாளாகக் கேட்கிறார். சோறு போடும்போதும் கேட்கிறார். ஒன்றுமில்லை என்கிறேன். அவர் நம்பவில்லை. அந்த மூன்று நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. உன்னிடம் யாரும் கேட்கக்கூட இல்லை. நேராக நம்பினார்கள்.

உன் நைனாவைப் பற்றி நீ கேட்க மாட்டாய், ஆனால் நான் பார்த்ததை எழுத வேண்டும். மருந்தினால்தான் அப்படி வந்தது என்று நீ அவருக்குப் போனில் சொன்ன மறுநாள், சாம்ராஜ் மாமா பாட்டிலை வாசல் சாக்கடையில் கவிழ்த்தார். காலி பாட்டிலைக் கழுவி, மூடி போட்டு, குப்பையில் வைத்தார். அன்றிலிருந்து மருந்தில்லாமல் இருமுகிறார். குழாயடியில் பெண்கள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். நேற்றுக் கடையில் ஒருவன், "இன்னா மாமா, டி நைன்டீன்ல ஸ்டாக் இருக்குதா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். மாமாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் கடையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பலகையில் இருந்த தாளைக் கிழித்தேன். ஆயா வேலம்மாள் துடைப்பத்தோடு நின்று பார்த்தார். "இன்னா பண்ற பாப்பா?" "கிழிக்கிறேன்." "மெதுவாக் கிழி. பசை காஞ்சிருக்குது, பலகையோட வந்துடும்."

மேடம் கூப்பிட்டார். "யாருக்கும் கெட்டது பண்ண நாம இதைச் செய்யல. வயித்துல இருக்கிற குழந்தைக்காகச் செய்யறோம்" என்றார். ஐந்து பேரில் இரண்டு பேர் அதற்குப் பிறகு செக்கப்புக்கே வரவில்லை, அதில் ஒருத்திக்கு ஒன்பதாம் மாதம் என்று நான் சொன்னேன். "பயப்படறவங்ககிட்டதான் தப்பு இருக்கும்" என்றார். பிறகு, "உனக்கு இந்த வேலை வேணுமா, வேண்டாமா?" என்றார்.

"வேணும் மேடம்" என்றேன்.

இன்று காலை புதுத் தாள் ஒட்டினார்கள். இந்த முறை டைப் அடித்து.

ஞானா


ஆம்பூர்
4 ஏப்ரல் 2025

ஞானா,

'வேணும் மேடம்'. அதை நீ எழுதாம விட்டிருக்கலாம். எழுதினதுக்கு ஒரு மார்க். கிழிச்சதுக்கு ஒரு மார்க். நூத்துக்கு ரெண்டு.

நைனா மருந்தைக் கொட்டினது எனக்குத் தெரியாது. போன்ல இருமலே கேக்கல, பரவாயில்லன்னு நெனச்சேன். வாயில துண்டை வெச்சுக்கிட்டுப் பேசியிருக்கார்.

ஞாயித்துக்கிழமை கிளாரன்ஸ் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில ஆப்பிள். சித்தி டீ வெச்சாங்க. "அம்மா இன்னா சொல்றாங்கன்னா, இன்னொரு டெஸ்ட் எடுத்து, ஒண்ணும் இல்லன்னு பேப்பர் வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சுபோவும்"ன்னான். எல்லாம் முடிஞ்சுபோவுமாம். நான் சொன்னேன், "ரெண்டு பாட்டில் தர்றேன். ஒண்ணுல நீ பிடி, ஒண்ணுல உங்கம்மாவைப் பிடிக்கச் சொல்லு. லேப் வாசல்ல நம்பர் போட்டு ஒட்டலாம். ஒண்ணும் இல்லன்னு வந்தா நான் வர்றேன்." டீயைக் குடிக்காமப் போயிட்டான். ஆப்பிளை விட்டுட்டுப் போனான். நல்ல ஆப்பிள்.

ஆஸ்பத்திரிக்குப் போன்னு சித்தி தினம் கத்தறாங்க. போக மாட்டேன். ஆறு வாரமாப் போகல. என் உடம்புலேருந்து ஒரு சொட்டு இனிமே யாருக்கும் குடுக்க மாட்டேன், ரத்தமும் சரி, மத்ததும் சரி. குடுத்தா அது பேசுது. என்னை விட்டுட்டு ஊரோட பேசுது.

நான் நல்லாத்தான் இருக்கேன். வெயில்ல கால் வீங்கிப்போச்சு, சித்தப்பா செருப்புதான் நுழையுது. தலைவலி விடல. கண்ணு முன்னாடி பூச்சி பறக்கற மாதிரி இருக்குது. ஆம்பூர் வெயில் அப்படி. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழட்டினேன். கழட்டினதுல வருத்தம் ஒண்ணும் இல்ல.

ஜூடித்


டி லைன் 21
7 ஏப்ரல் 2025
ஸ்பீட் போஸ்ட்

ஜூடித்,

அது வெயில் இல்லை.

மடச்சி. உன்னை இப்படித் திட்டி எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. கால் வீக்கம், விடாத தலைவலி, கண்ணில் பூச்சி, மோதிரம் கழலாத விரல். நான்கையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டு வெயில் என்கிறாய். அது பிரஷர். எட்டாம் மாதத்தில் அது வந்து சிறுநீரில் உப்பு இறங்கினால் ஃபிட்ஸ் வரும். வந்தால் நீயும் இருக்க மாட்டாய், குழந்தையும் இருக்காது. உன்னைப் பயமுறுத்தத்தான் எழுதுகிறேன். பயப்படு.

எந்த பாட்டிலைக் கொடுக்க மாட்டேன் என்கிறாயோ அந்த பாட்டிலில்தான் இது தெரியும். உன்னை அதைக் கொடுக்க முடியாதபடி செய்தது நாங்கள். நான். அதனால் இந்தக் கவருக்குள் மூன்று குச்சிகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் எடுத்ததில்லை, கடையில் வாங்கியது. காலையில் முதல் சிறுநீரை ஒரு சுத்தமான டம்ளரில் பிடி. குச்சியை முக்கி எடு. ஒரு நிமிடம் எண்ணு. நுனி மஞ்சளாகவே இருந்தால் உப்பு இல்லை. பச்சையானால் இருக்கிறது. எவ்வளவு பச்சையோ அவ்வளவு ஆபத்து. இந்தக் குச்சிக்கு அது ஒன்றுதான் தெரியும். வேறு எதையும் பார்க்கத் தெரியாது. பார்த்துவிட்டு உடைத்து எறிந்துவிடு. நிறத்தை யாரிடமும் சொல்லாதே. என்னிடமும் சொல்லாதே.

பச்சையானால் அந்த நிமிடமே வேலூருக்குக் கிளம்பு. மஞ்சளாக இருந்தாலும் அன்றே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையை நீட்டிப் பிரஷர் பார்க்கச் சொல். குச்சி பாதிதான் சொல்லும்.

இதை உன் நைனாவிடம் சொல்லிவிடலாம் என்று பத்தொன்பதின் வாசல்வரை போனேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். உன்னைக் கேட்காமல் உன் உடம்பைப் பற்றி இன்னொருவரிடம் சொல்ல மறுபடியும் வந்து நிற்கிறேனே என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிவரை பொறுப்பேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய் என்றால் சித்தி போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம். வராவிட்டால் ரயில் ஏறி ஆம்பூருக்கு வந்து, உன் சித்தி வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்வேன். பிறகு வாழ்நாள் முழுக்க என்னைத் திட்டு. திட்டுவதற்கு நீ இருக்க வேண்டும்.

ஞானா


வேலூர்
மகப்பேறு வார்டு
19 ஏப்ரல் 2025

ஞானா,

மிஸ்டு கால் வெள்ளிக்கிழமையே வந்திருக்கும். நிறம் இன்னான்னு சொல்ல மாட்டேன். சொல்லாதன்னு நீதான எழுதின. நான் எங்க உக்காந்து எழுதுறேன்னு மேல பாத்துக்கோ.

குச்சியைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் எண்ணினேன். பாத்ரூம் கதவைச் சாத்திட்டு, தனியா. ரெண்டு மாசத்துல என் உடம்பைப் பத்தி எனக்கே முதல்ல தெரிஞ்ச விஷயம் அது ஒண்ணுதான். எனக்கு அப்படி ஒரு கோவம் வந்துச்சு. இவ்வளவு சின்ன விஷயமா இது? இதைத்தான என்கிட்டேருந்து எடுத்துட்டீங்க?

இங்க வந்ததும் நர்ஸ் பாட்டிலை நீட்டினாங்க. நான் வாங்கல. "இதுல இன்னா இன்னா பாப்பீங்க? எழுதிக் காட்டுங்க"ன்னேன். வார்டே திரும்பிப் பாத்துச்சு. அந்தம்மா, "உப்பும் சக்கரையும்தாம்மா. வேற இன்னா பாக்கணும், உன் ஜாதகமா?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. "போதை டெஸ்ட் பாப்பீங்களா?"ன்னேன். அந்தம்மா சிரிப்பை நிறுத்திட்டாங்க. கிட்ட வந்து குரலைத் தணிச்சு, "நீ எந்த ஊரும்மா? உன்னைக் கேக்காம அதெல்லாம் எப்படிப் பாக்கறது?"ன்னாங்க.

அப்பதான் அழுதேன். கிளாரன்ஸ் கேட்டப்ப அழல, பீரோவைக் கொட்டினப்ப அழல.

அப்புறம் நானே சொன்னேன். பிப்ரவரியில நைனா இருமல் மருந்து குடிச்சேன், இத்தனை நாள், இத்தனை ஸ்பூன்னு. "மாசமா இருக்கறப்ப அது ஆவாதும்மா, இனிமே குடிக்காத"ன்னு சொல்லிட்டு எழுதிக்கிட்டாங்க. தாளைக் கவுத்து வெச்சுட்டுப் போனாங்க. அவ்வளவுதான் ஞானா. கேட்டா சொல்லியிருப்பேன். உங்க ஆஸ்பத்திரியில யாராவது ஒருத்தர் என் மூஞ்சியைப் பாத்துக் கேட்டிருந்தா, நான் சொல்லியிருப்பேன்.

பிரஷருக்கு ஊசி போடறாங்க. குழந்தையைச் சீக்கிரம் எடுக்க வேண்டி வரும்னாங்க. பயமா இருக்குது.

ஜூடித்


டி லைன் 21
24 ஏப்ரல் 2025

ஜூடித்,

கோலாரில் இருக்கிற மாவட்ட சுகாதார அதிகாரிக்கு ஒரு புகார் எழுதுகிறேன். அனுப்பினால் என் வேலை போகும். மேடம் மறுபடியும் 'வேணுமா, வேண்டாமா' என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலைக் குழாயடியில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எங்கம்மாவிடம் சொன்னேன். "உன்னைப் படிக்க வெச்சது இதுக்கா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்குத்தான் போல" என்றார். பத்தாவதில் நடந்ததையும் சொல்லிவிட்டேன். அம்மா எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஆதாரத்துக்குப் பதிவேட்டைப் போட்டோ எடுக்கலாம் என்று நேற்று லேபில் போனைக் கையில் எடுத்தேன். அந்தப் பக்கத்தில் உன்னைத் தவிர முப்பத்தொரு நம்பர் இருந்தது. சி லைன், ஈ லைன், எல்லாம் எனக்குத் தெரிந்த வீடு. நான் போனை உள்ளே வைத்துவிட்டேன். பெட்டியில் இருந்த அந்தத் தாளை மட்டும் எடுத்து வந்தேன். அதில் யாருடைய நம்பரும் இல்லை.

நான் செய்ததை எழுதிவிட்டேன். கேட்காமல் டெஸ்ட் செய்தேன், உறுதி செய்யாமல் எழுதினேன், வீட்டு நம்பரைப் போடச் சொன்னேன் என்று. உனக்கு நடந்ததை எழுதவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். எழுதலாமா? 'ஒரு கர்ப்பிணிப் பெண்' என்று எழுதலாமா? வேண்டாமா? நீ வேண்டாம் என்றால் அந்த இடம் காலியாகவே போகும். நான் மறுபடி கேட்க மாட்டேன்.

நேற்று சாம்ராஜ் மாமா என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, "எம் பொண்ணு எப்படி இருக்குது? உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்றார். "அவளையே கேளுங்க மாமா" என்று உன் சித்தி நம்பரைப் போட்டு என் போனைக் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, காதில் விழாத தூரத்துக்கு, குழாயடிவரை நடந்து போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்த்தபோது அவர் முதலில் வெகுநேரம் இருமிக்கொண்டிருந்தார். மறுமுனையில் நீ காத்திருந்தாய் போலிருக்கிறது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஞானா


வேலூர்
6 மே 2025

ஞானா,

போன மாசம் இருபத்தொன்பதாம் தேதி பொண்ணு பொறந்தா. ரெண்டு கிலோ நூறு. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்க, நேத்து என் கையில குடுத்தாங்க. எனக்குப் பிரஷர் இறங்கிடுச்சு. இதை உனக்கு நான் சொல்றேன், ஏன்னா நானா சொல்லணும்னு தோணுச்சு.

கிளாரன்ஸ் வந்து பாத்தான். மூணு நாள் வார்டு வாசல்லயே கெடந்தான். "அம்மா பேச்சைக் கேட்டுட்டேன்"ன்னான். நான் சொன்னேன், "அம்மா பேச்சு இல்ல, பலகை பேச்சு. என்னை ஒரு தடவை கேட்டிருக்கலாம் இல்ல?" தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டான். இங்கேருந்து நேரா நைனா வீட்டுக்குத்தான் போறேன். வேணும்னா அங்க வந்து பாத்துக்கட்டும். அவன் அம்மா வந்தா கதவு திறக்கும், பீரோ திறக்காது.

பொறப்புப் பதிவு பண்றப்ப விலாசம் கேட்டாங்க. கிளாரன்ஸ் வாயைத் திறந்தான். அதுக்குள்ள நைனா, இங்க குடுத்த புது மருந்துல இருமல் கொஞ்சம் அடங்கின குரல்ல, "டி நைன்டீன்"ன்னார். பழைய கம்பவுண்டருக்குச் சொல்ற மாதிரி, நெஞ்சை நிமித்திக்கிட்டு. நானும் தலையை ஆட்டினேன். அதையே எழுதினாங்க.

இப்ப உன் புகார். 'ஒரு கர்ப்பிணிப் பெண்'ணா? அது யாரு? அப்படிப் போட்டா உங்க மேடம் 'யாரு அது, அப்படி யாரும் இல்ல'ன்னுடுவாங்க. என் பேரைப் போடு. முழுசாப் போடு. நம்பரைப் போட்டு என்னை ஒளிச்சு வெச்சீங்க, ஊரே கண்டுபிடிச்சுது. இப்ப பேரைப் போட்டு நான் நிக்கறேன், கோலார்ல எவன் எழுந்து பாக்கறான்னு பாக்கலாம்.

மத்த நாலு பேர் நம்பரும் அதுல வரக் கூடாது. அவங்களை நான் ஊருக்கு வந்ததும் தனித்தனியா போய்ப் பாக்கறேன். வர்றேன்னு சொன்னா சேத்துக்கலாம். ஒன்பதாம் மாசம்னு எழுதினியே, அந்தப் பொண்ணு வீடு எதுன்னு நீ சொல்ல வேணாம். லைன்ல நான் விசாரிச்சுக்கறேன். அவ உசுரோட இருக்கணும்னு தினம் வேண்டிக்கறேன்.

நீ செஞ்சதை ஒரு வரிகூடக் குறைக்காத. மேடம் சொன்னதையும் குறைக்காத. உன்னை நான் மன்னிச்சுட்டேன்னு இதுல எங்கயும் எழுதல, தேடாத. உன் நம்பர் இன்னும் பிளாக்லதான் இருக்குது. கடிதத்துல நீ நல்லா பேசற.

எழுதி முடிச்சதும் கோலாருக்கு அனுப்பிடாத. முதல்ல எனக்கு அனுப்பு. என்னைப் பத்தி இன்னா எழுதியிருக்குதுன்னு நான் படிக்கணும். படிச்சு, சரின்னு கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினப்புறம்தான் அது போவணும்.

ஜூடித் சாம்ராஜ்